அடுத்த சேதி போகும்வரை

இராமையாவோடு யாரும் பேசக்கூடாது என்று கீழ் லயத்து வரிசை வீடுகளில் முடிவெடுத்தார்கள். வாய் மூடி இருந்தால் தலை வெடித்துவிடும் சனங்கள் அவர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கிருந்துதான் அப்படியொரு கட்டுப்பாடு வந்ததோ தெரியாது. அவர் குடத்தோடு பீலிக்கு வந்தால் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பாதிக் குடத்தோடு விலகிப் போனார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு அரிசி வாங்கப் போனவர்கள் அவர் வாசலைப் பார்க்காததுபோல் தாண்டிப் போனார்கள். கடைசியில் மரண உதவிச் சங்கத்திலிருந்தும் அவர் குடும்பத்தை எடுத்துவிட்டார்கள்.

அதுதான் பெரிய அடி. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் பாடை கட்டுவதும் தூக்குவதும் சங்கத்து ஆட்கள்தான். வீட்டுக்காரர் அழுதால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். இராமையாவின் மனைவி விஜயலெட்சுமிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டில் சீக்கிரம் ஒரு சாவு விழப்போகிறது என்பது லயத்துக்கே தெரியும். தெரிந்தேதான் பெயரை எடுத்தார்கள்.

இராமையா செய்ததாகச் சொன்ன குற்றம், காட்டிக்கொடுத்தது. சின்னக்கந்தைத் தோட்டம் பசறைக்கு மேலே இருக்கிறது. கீழ் லயத்துக்கு அடியில் தேயிலை செத்துப்போன ஒரு சரிவு. சனங்கள் அதில் தலைமுறையாகப் பாத்தி கட்டிக் கோவாவும் போஞ்சியும் என்று காய்கறி போட்டு வயிற்றைக் கழுவி வந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். அந்த அழகுதான் வினையாகிப் போயிற்று. பக்கத்து ஊரான எல்லவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கமும் வருவார்கள் என்று நிர்வாகம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, சரிவை விடுதி கட்டக் குத்தகைக்குக் கொடுக்கப் பார்த்தது. லயத்தார் ஒரு கமிட்டி போட்டார்கள். பொன்னையா தலைவர். அவர் மகள் தனுஜா தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். லயத்தில் லெப்டொப் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். மனு, கடிதம், கூட்ட முடிவு எல்லாவற்றையும் அவளே அடிப்பாள்.

கமிட்டி எதை நினைத்தாலும் தோட்ட ஆபீசுக்கு முந்தியே தெரிந்துவிடும். மாவட்டக் கச்சேரியிலிருந்து காணி அதிகாரியைக் கூட்டிவரலாம் என்று பேசினார்கள். அதிகாரி வருகிற காலையில் சரிவைச் சுற்றி முள்ளுக்கம்பி நின்றது. பத்திரிகைக்காரர் ஒருவரை இரகசியமாக வரச்சொன்னார்கள். கேட்டிலேயே வாட்ச்சர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மறித்தான். கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பொன்னையா, தனுஜா, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை செய்கிற சுரேஸ், இன்னும் ஒன்றிரண்டு பேர். அவர்களோடு இராமையாவும். இராமையாவுக்கோ தோட்ட ஆபீசில் வேலை. பசறைத் தபால் கந்தோருக்குக் கடிதம் கொண்டுபோவார், தொரைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். வேறு யாரை நினைக்கச் சொல்கிறீர்கள்? பொன்னையாதான் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொன்னார். தனுஜா அதையும் கூட்ட முடிவில் அடித்தாள்.

"நான் சொல்லலண்ணே" என்று இராமையா ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, அந்த வயதில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். மாட்டிக்கொண்டான், அதுதான் ஓடுகிறான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

தனுஜாவுக்குச் சந்தேகம் வந்தது இராமையாவின் பக்கத்திலிருந்து இல்லை, டொங்கிளின் பக்கத்திலிருந்து. இன்டர்நெட்டுக்காக லெப்டொப்பில் செருகியிருக்கிற அந்தச் சின்ன சாமானில் டேட்டா போட்டால் நிற்பதே இல்லை. ஒரு பகல், பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடிதம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தாள். இன்டர்நெட்டில் எதையும் திறக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் அடித்தால் டொங்கிளின் விளக்கு மினுங்கியது. கையை எடுத்தால் அடங்கியது. திரும்ப அடித்தால் திரும்ப மினுங்கியது. அவளுக்கு யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினாள். பஸ் நிலையத்துக்குப் பின் சந்தில் றில்வான் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தார். என்ன நோவு என்று சொல்லாமலே "போமட் பண்ணித் தாங்க" என்று வந்து நிற்கிற ஆட்களால் நொந்துபோன மனிதர் அவர். அண்ணன் முறையில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன தங்கச்சி, வேல செய்யுதில்லயா?"

"வேலை செய்யுது நானா. நான் செய்யாத வேலையும் செய்யுது."

றில்வான் நிமிர்ந்து பார்த்தார். விளக்கு மினுங்குகிற கதையைக் கேட்டதும் முதல் வேலையாக டொங்கிளைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு, உள்ளே என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்றார்.

"பிரிண்டர் ஒண்டு ஓடுது. ஒங்களுக்கிட்ட பிரிண்டர் இரிக்கா?"

"இல்லையே நானா."

"அப்ப இது பிரிண்டர் இல்ல. பேர மட்டும் வெச்சிக்கிட்டு இரிக்கி."

அது இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்த ஒரு ஃபோல்டர். அதற்குள் கொழுத்துப்போன ஒரு கோப்பு. திறந்தார். திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்துகள். ஒரு சொல்லாவது சொல்லாக இல்லை. "நீங்க அடிக்கிறதெல்லாம் இதுக்குள்ள விழுதுண்டு நெனச்சன், ஆனா இது வெறும் குப்பையா இரிக்கே" என்றார் றில்வான்.

றில்வானுக்குக் குப்பை. பாமினி எழுத்தில் தமிழ் அடிக்கிறவளுக்கு அப்படி இல்லை. அந்த முறையில் கை தட்டுவது இங்கிலீஷ் விசையை, திரையில் வருவது தமிழ். எம், கே, செமிகோலன், கே, எச் என்று தட்டினால் அம்மா. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கணக்கு விரலுக்குத் தெரியும். தனுஜா திரையைப் பார்த்துக்கொண்டே மேசை விளிம்பில் விரலால் தட்டிப் பார்த்தாள். மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு என்று விரல் சொல்லிற்று. பத்திரிகைக்காரரின் பெயரைச் சொல்லிற்று. இன்னும் கீழே போனாள். கமா, யூ, எச், ஐ, கே, ஏ, எச். இராமையா. அவரை ஒதுக்கிவைத்த கூட்ட முடிவு, அவள் அடித்தபடியே, ஒரு எழுத்துக் குறையாமல்.

"இத யாரு போட்டது நானா?"

"அது எப்பிடித் தெரியும்? மெயில் ஒண்டுக்குப் போவுது. ஆள்ட பேர் இல்ல, சும்மா எழுத்தும் நம்பரும். போட்ட திகதி மட்டும் இரிக்கி."

திகதியைப் பார்த்தாள். போன தீபாவளிக்கு முந்திய கிழமை. தோட்ட ஆபீஸ் கிளாக்கர், தமிழ் எழுத்து இல்லாமல் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று பென்டிரைவும் கையுமாகப் பாலர் பாடசாலைக்கே வந்து ஏற்றிக் கொடுத்த நாள். தமிழ் எழுத்தோடு இதுவும் ஏறியிருக்கிறது. அன்றைக்கு அந்த மனிதனுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து, ஐயா நல்லா இருக்கணும் என்று வேறு சொல்லியிருந்தாள்.

"கழட்டவா, வெச்சிரிக்கவா?" என்றார் றில்வான். "பொலிசுக்குப் போறெண்டா கை வெக்கப்படாது. யோசிச்சிச் சொல்லுங்க."

மலையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளை அவள். காலில் அட்டை ஏறியிருந்தால் எவளும் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டாள். பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. "கழட்டிருங்க நானா. எல்லாத்தையும் அழிச்சிருங்க. ஒண்ணும் மிச்சம் இருக்கப்படாது" என்றாள். அழிப்பதற்கு முன்னால் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டாள். பகல் முழுக்கக் கடையிலேயே உட்கார்ந்திருந்து, சுத்தமான லெப்டொப்போடு பஸ் ஏறினாள். பல மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. இராமையா மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நம்பினாள்.

வீட்டில் பொன்னையா போனை வாங்கி, தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார்.

"என்ன இது? ஒண்ணும் வெளங்கலியே."

"நான் அடிச்ச லெட்டருப்பா. ஆபீசுக்கு இது வழியாத்தான் போயிருக்கு."

"நீ அடிச்சதுதானே இது?"

"ஆமா."

"நீ அடிச்சது ஒங்கிட்ட இருக்கறதுல என்ன அதிசயம்? களவு போன சாமான் எங்க? எல்லாம் அப்படியேதானே இருக்கு."

"எடுத்துட்டுப் போகலப்பா. பாத்து எழுதி அனுப்பியிருக்கு."

"சரி, எழுதுன அந்தச் சாமானக் காட்டு."

"அழிச்சாச்சு" என்றாள் தனுஜா.

பொன்னையா மடையர் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தே பாதி விளங்கிக்கொண்டார். மீதியையும் விளங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "வெளிய மூச்சு விடாத. தலைவர் வீட்டுலேருந்துதான் எல்லாம் போச்சுன்னா நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்? கமிட்டி ஒடைஞ்சா சரிவும் போச்சு. ஒரு ஆளுக்காக இத்தன குடும்பத்த நடுத்தெருவுல விடச் சொல்றியா?" அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் தனுஜாவுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை, லயமே பார்த்திருக்க, அவள் இராமையாவின் வீட்டுக்குள் போனாள். விஜயலெட்சுமி சாக்குக் கட்டிலில் முகமெல்லாம் வீங்கிக் கிடந்தாள். இராமையா பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சித் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். மனித வாடையே மறந்துபோன வீட்டில் ஒரு ஆள் வந்து நின்றதை நம்பமுடியாமல் பார்த்தார்.

"மாமா, நீங்க சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அது முந்தியே தெரியும் பாப்பா" என்றார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னாள். கிளாக்கர் வந்தது, பென்டிரைவ், விளக்கு, றில்வான் கடை. இராமையா கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். அவர் முகத்தில் உயிர் வந்தது. "அந்தச் சாமான் இப்ப எங்க?" என்றார்.

"அழிச்சாச்சு மாமா. நேத்தே கழட்டியாச்சு. இனி ஒரு சேதி வெளிய போகாது."

"கழட்டிட்டியா?"

கரண்டியை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தார்.

"நான் ஏன் ஆபீஸ் வேலைய விட்டேன்னு நெனக்கிற பாப்பா? இப்ப நான் ஆபீசுலயும் இல்ல, கமிட்டியிலயும் இல்ல. எங்கூட ஒருத்தன் பேசறதும் இல்ல. என்னைய ஒதுக்குன பெறகு கமிட்டி இன்னும் கூடல. கூடுனா அப்பவும் ஒரு சேதி போகும்ல? போனா, இவன் இல்லடான்னு அவங்க வாயாலயே சொல்லுவாங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். அதுவரைக்கும் இருந்துக்கடின்னு இவகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்."

விஜயலெட்சுமி கண்ணைத் திறக்காமலே கிடந்தாள். தனுஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இனி சேதி போகாது. இராமையாவை ஒதுக்கிய பிறகு சேதி போவது நின்றுவிட்டது என்றால், அதுவரை கொண்டுபோனவன் யார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

சொல்லவும் செய்தார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவானபடி கச்சேரியில் நேரிலேயே மனுக் கொடுத்தார்கள். ஆபீசுக்கு ஒரு துரும்பும் தெரியவில்லை. கீழ் லயம் தலைநிமிர்ந்து நடந்தது. "பாத்தீங்களா, அவன வெட்டிவிட்ட பெறகு எல்லாம் நேராப் போகுது" என்று பீலியடியில் பேசினார்கள். தனுஜா பொறுக்கமாட்டாமல் அவர்களிடம் நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்குப் போய்வந்தாள் அல்லவா, அந்த அம்மா கிடக்கிற கோலத்தைப் பார்த்து மனசு இளகி ஏதோ கதை கட்டுகிறாள் என்றார்கள். பொன்னையாவும் அதை மறுக்கவில்லை.

காணி அதிகாரி அடுத்த புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சரிவைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். காய்த்து நிற்கிற பாத்திகளை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் குத்தகை நிற்கும் என்று கமிட்டி நம்பியது. அந்தக் கிழமைதான் விஜயலெட்சுமிக்குக் கஞ்சித் தண்ணீரும் இறங்காமல் போயிற்று.

தனுஜா லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனாள். "தமிழ் எழுத்து அழிஞ்சிருச்சுங்க ஐயா, திரும்ப ஏத்தித் தாங்க" என்றாள். அந்தச் சனியன் திரும்ப வந்து உட்காரட்டும், புதன்கிழமைச் சேதியை அதுவே கொண்டுபோகட்டும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு. கிளாக்கர் லெப்டொப்பைத் தொடவில்லை. அதைக் கழட்டியது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"அந்தப் பென்டிரைவ் எங்கயோ தொலைஞ்சுபோச்சும்மா" என்று சிரித்தார். "ஒக்காரு. கமிட்டி வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

தனுஜா உட்கார்ந்தாள். பொய் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் கமிட்டி எடுக்காத முடிவு ஆபீசுக்குப் போனால், சேதி போயிற்று என்று யார் சொல்வார்கள்? மெய்யான சேதி போனால்தான் இராமையா மீளுவார். சரிவில் அவள் அம்மா போட்ட போஞ்சியும் இருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

"புதன்கிழமை காணி அதிகாரி வாராருங்க ஐயா."

செவ்வாய்க்கிழமை விடியும்போது சரிவில் மண் வெட்டுகிற பெக்கோ மெஷின் நின்றது. மத்தியானத்துக்குள் பாத்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெண்கள் மண்ணை அள்ளித் தூற்றினார்கள், அழுதார்கள், ஓய்ந்தார்கள். மறுநாள் வந்த அதிகாரி வெறும் சிவப்பு மண்ணைப் பார்த்துவிட்டு, இங்கே பயிர் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. சுரேஸ்தான் முதலில் சொன்னான்: "அப்ப இராமையாண்ணன் இல்ல. நாமதான் பாவம் பண்ணிட்டோம்." அத்தனை பேரும் எழுந்து இராமையாவின் வீட்டுக்குப் போனார்கள். பொன்னையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கத்தில் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். பெண்கள் உள்ளே போய் விஜயலெட்சுமியின் காலடியில் உட்கார்ந்து தேம்பினார்கள். அவளுக்கு அது கேட்டதா என்று தெரியாது. வெள்ளிக்கிழமை உயிர் பிரிந்தது.

குறையில்லாத சாவு அது. லயமே திரண்டது. தப்பு அடித்தார்கள், தேர்ப்பாடை கட்டினார்கள், தோள் கொடுக்க ஆட்கள் போட்டி போட்டார்கள். முன்பக்கம் வலது தோள் கொடுத்தவன் சுரேஸ். வழியெல்லாம் அவன் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவே இல்லை.

குழியில் பால் தெளித்துக் காடாற்றிய மறுநாள் தனுஜா இராமையாவைப் பார்க்கப் போனாள். மொட்டைத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ அதக் கழட்டிட்டேன்னு சொன்னியே பாப்பா" என்றார்.

தனுஜா தலையை நிமிர்த்தவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் அழுது முடிகிறவரைக்கும் வெட்டுப்பட்ட சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கப்பா கூட்டம் வச்சாராமே. இப்ப யாரச் சொல்றாங்க?"

"சுரேஸண்ணனச் சொல்றாங்க மாமா."

இராமையா எழுந்து உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சுரேசின் வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தவர், நின்றார். அங்கே போய், சொன்னது நீ இல்லை என்று எனக்குத் தெரியும் என்றால், அப்படியானால் யார் என்று அவன் கேட்பான். திரும்பிவந்து தனுஜாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.